ஷோனாவ் கூட்டுறவின் கரண்ட்: பத்து வருட அனுபவம்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டுச் செய்தி கேட்டோம். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குக் கை வலியே சொல்லும். ஜெர்மனியில் ஃப்ரைபூர்க்குக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி மறந்தே போனது. அதைத் திரும்ப நினைக்க வைத்தது, ஷோனாவ் என்ற சிற்றூரின் மக்கள் நடத்தும் மின் கூட்டுறவு.

2014இல் வேலையிடத்து நண்பர் ஒருவர் என் மின்கட்டண ரசீதைப் புரட்டிக் காட்டினார். எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் என்று ரசீதில் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். பசுமை மின்சாரம் என்று கூடுதல் காசு கொடுத்து நான் எடுத்திருந்த திட்டத்துக்கு நேரே முழுப் பச்சை. பக்கத்தில், அதே நிறுவனம் மொத்தமாக விற்பதில் நிலக்கரியும் அணுமின்சாரமும். நான் கூடுதலாகக் கொடுத்த காசு எங்கே போனது என்று அன்றைக்கு மனம் நொந்துவிட்டது.

இதன் சூட்சுமம், மின்சாரம் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் மூலச் சான்றில் இருக்கிறது. ஐரோப்பாவில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, ஒரு சான்று. மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றை இன்னொருவருக்கும் விற்கலாம். நோர்வேயில் பல பத்தாண்டுகளாக ஓடும் அணையின் சான்றை வாங்கி, சந்தையில் எடுத்த ஏதோ ஒரு மின்சாரத்தோடு சேர்த்தால் அது காகிதத்தில் பசுமை ஆகிவிடும். அந்த அணை எப்படியும் ஓடத்தான் போகிறது. அந்தக் காசால் புதிதாக ஒரு காற்றாலைகூட எழாது.

அப்போதுதான் மின்சாரம் வாங்குவதை ஷோனாவ் கூட்டுறவுக்கு மாற்றினேன். ஷோனாவ், தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு என்ற மலைப்பகுதியில் சுமார் 2,500 பேர் வாழும் ஊர். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, பிள்ளைகளை நினைத்துப் பயந்த பெற்றோர்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கப் போட்டி வைத்துத் தொடங்கினார்கள். பிறகு ஊரின் மின்வலையையே வாங்கக் கேட்டார்கள். 1991, 1996 என இரண்டு முறை ஊர் வாக்கெடுப்பில் வென்று, நாடெங்கும் நன்கொடை திரட்டி, 57 லட்சம் மார்க் (ஜெர்மனியின் அன்றைய நாணயம்) கொடுத்து 1997 ஜூலையில் கையில் எடுத்தார்கள். 2009இல் அது கூட்டுறவு ஆனது. முன்னின்ற உர்சுலா ஸ்லாடெக்குக்கு 2011இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். மேட்டில் இருக்கும் தேவாலயத்தின் கூரையிலும் சோலார்.

இவர்களும் நோர்வே நீர்மின்சாரம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் யாரிடம் வாங்குகிறார்கள் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்கள். அணுமின், நிலக்கரி நிறுவனங்களுக்குப் பங்கு உள்ள ஆலை என்றால் வேண்டாம். வாங்குவதில் பெரும்பகுதி புதிய ஆலைகளிலிருந்து வர வேண்டும். நாம் கட்டும் யூனிட் விலையில் ஒரு சிறு பகுதியைச் 'சூரியச் சென்ட்' என்று ஒதுக்கி, மக்கள் தாங்களே வைக்கும் சோலார் போன்ற சிறு மின் நிலையங்களுக்கு உதவியிருக்கிறார்கள். என் வீட்டுக் கம்பியில் வருவது எல்லோருக்கும் வரும் அதே கரண்ட்தான், சந்தேகமில்லை. ஆனால் என் காசு போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது. எனக்கு அதுதான் பெரிது.

விலை? விலை ஒப்பிடும் இணையத் தளங்களில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். வருடம் 3,000 யூனிட்டைத் தாண்டும் எங்கள் வீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். 2021 கடைசியில் சந்தை விலை ஏறியபோது, மலிவாக விற்ற சில நிறுவனங்கள் சப்ளையையே நிறுத்தின. என் மச்சான் வீட்டுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. அந்தப் பகுதியின் அடிப்படை விநியோகஸ்தர் சட்டப்படி பொறுப்பெடுத்ததால் இருட்டில் இருக்கவில்லை. ஆனால் யூனிட் விலை எகிறிவிட்டது. அன்றிலிருந்து நான் விலையை மட்டும் வைத்து யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

வாடிக்கையாளராக இருக்க அங்கத்தவராக வேண்டியதில்லை. நான் சில வருடம் பார்த்துவிட்டுத்தான் பங்கு வாங்கி அங்கத்தவரானேன். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். பொதுக்கூட்டத்தில் முதல் முறை கை உயர்த்தியபோது, பெடல் சுற்றிய அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது.

வாடகை வீடாக இருந்தாலும் மின்கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மாறலாம். நான் மாறியபோது மீட்டர் நம்பர், அப்போதைய நிறுவனத்தின் பெயர், மீட்டர் அளவு, இவ்வளவும் போதுமாக இருந்தது. பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்வதைப் புது நிறுவனமே பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மாறிய அன்று விளக்குகூட அணையவில்லை.