ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2: பழைய இசைத்தட்டை வெட்டி எடுக்க

பழைய ரெக்கார்டிலிருந்து துண்டெடுத்துப் புதுப் பாட்டு கட்டுபவர்களுக்கு இந்த சாம்பிளரை (ஒலித்துண்டைப் பதிந்து, பொத்தானைத் தட்டி வாசிக்கும் கருவி) தைரியமாகச் சொல்வேன். 2021-ல் வந்தது. ஆறு பென்சில் பேட்டரி போட்டால் மொட்டை மாடியிலும் ஓடும்.

வாங்கியதும் ஏற்றியது, தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 பதிவான 'ஆமென், பிரதர்' பாட்டின் டிரம்ஸ் துண்டு. அந்தக் குழுவின் டிரம்மர் கிரிகரி கோல்மன் வாசித்த நாலே தாளச் சுற்று (பார்). ஜங்கிள் என்னும் வேகமான மின்னணு நடன இசை வளர்ந்ததே அதன் மேல்தான். அதே தாளத்தை ஒரு நல்ல டிரம்மரை வைத்துப் பதிந்து பார்த்தோம். அடியெல்லாம் சரி, அந்த உயிர் வரவில்லை. அறையின் அதிர்வு, ஒரு மைக்கிலிருந்து இன்னொன்றில் கசிந்த ஓசை, டேப்பின் அழுத்தம் எல்லாம் அந்தப் பழைய பதிவில் ஒன்றாக உறைந்து கிடக்கின்றன. ஸ்நேர் டிரம்மின் ஓர் அடியை மட்டும் வெட்டி, கருவியின் ஒரு பேடில் (தட்டும் பொத்தானில்) வைத்து அழுத்துங்கள். பின்னாலேயே சிம்பலின் வால் இழுபடும். அதை யார் திரும்ப வாசிப்பது?

இந்த சாம்பிளரிலுள்ள வினைல் எஃபெக்ட் இசைத்தட்டின் கரகரப்பை அழகாகத் தருகிறது. அந்த அறையைத் தர அதனால் முடியாது.

அப்புறம், வெளியிடுவதாக இருந்தால் பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக உரிமை வாங்குங்கள். கோல்மன் அந்தச் சில விநாடிகளுக்காக ராயல்டி எதுவும் பெறாமலே 2006-ல் இறந்தார்.