புதுக் காயினைச் சோதிக்க எது உதவும்: ஒயிட்பேப்பரா, ஆடிட்டா, எக்ஸ்ப்ளோரரா?

"புதுசா ஒரு காயின் வந்திருக்கு, போடலாமா?" என்று கேட்டு வருபவர்களின் போனில் பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் இருக்கும், ஒரு ஆடிட் சான்றிதழ் இருக்கும், கூடவே ஒரு டெலிகிராம் குழுவும் இருக்கும். அது மோசடியா என்று பார்க்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒயிட்பேப்பரையும் (திட்டத்தை விளக்கும் அந்த பிடிஎஃப்) அதன் பின்னால் உள்ள ஆட்களையும் ஆராய்வது ஒன்று. ஆடிட் அறிக்கையை நம்புவது இன்னொன்று. அரசு அமைப்புகளின் எச்சரிக்கைப் பட்டியலில் தேடுவது மூன்றாவது. பிளாக்செயினில் நடக்கும் பரிவர்த்தனைகளை யாருக்கும் காட்டும் ஈதர்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் போன்ற எக்ஸ்ப்ளோரர் தளங்களில் அந்தக் காயினின் கணக்கை நாமே திறந்து பார்ப்பது நான்காவது. எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் முதலில் திறப்பது எக்ஸ்ப்ளோரரைத்தான்.

ஒயிட்பேப்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பு எழுத்துப்பிழையும் திருட்டுப் பத்திகளும் காட்டிக்கொடுக்கும். இன்று ஏஐ பிழையில்லாமல் எழுதித் தருகிறது. அந்த அடையாளமும் போய்விட்டது. ஆட்களைத் தேடுவதில் மட்டும் இன்னும் கொஞ்சம் பலன் உண்டு. 2017-ல் சென்ட்ரா டெக் என்ற நிறுவனம் விசா, மாஸ்டர்கார்டு ஆதரவுள்ள கிரிப்டோ கார்டு தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரும் இசைக்கலைஞர் டிஜே காலிதும் அதற்கு விளம்பரம் செய்தார்கள். தலைமை அதிகாரி என்று காட்டப்பட்டவரோ கற்பனை ஆள். படத்தில் இருந்தவர் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கனடா நாட்டுப் பேராசிரியர். படத்தை கூகுளில் ஏற்றித் தேடியிருந்தால் பிடிபட்டிருக்கும். அதனால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஆனால் முகம் உண்மையானது என்று தெரிந்தவுடன் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒன்காயின் என்ற மோசடிக் காயினை நடத்திய ருஜா இக்னாடோவா மேடைமேடையாக ஏறிப் பேசியவர். 2017 அக்டோபரில் காணாமல் போனார், 2022-ல் எஃப்பிஐ-யின் முதல் பத்துத் தேடப்படுவோர் பட்டியலில் ஏறினார்.

ஆடிட் சான்றிதழுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு தருவேன். ஆனால் ஆடிட் செய்பவர்கள் பார்ப்பது புரோகிராமை. அதை நடத்துபவர்களின் மனதை அல்ல. 2022 ஜனவரியில் ஆர்பிக்ஸ் ஃபைனான்ஸ் சுமார் 1 கோடி டாலருடன் காணாமல் போனது. 2023 ஏப்ரலில் மெர்லின் என்ற பரிமாற்றத் தளத்திலிருந்து சுமார் 18 லட்சம் டாலர் உருவப்பட்டது. இரண்டுமே பெயர்பெற்ற செர்டிக் நிறுவனத்தின் ஆடிட்டைப் பெற்றவை. மெர்லின் அறிக்கையில், அதிகாரம் ஒரே கையில் குவிந்திருப்பது பற்றிய எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. முத்திரையைப் பார்த்தவர்கள் அறிக்கையைப் படிக்கவில்லை. அறிக்கை கிடைத்தால் நான் நேராகத் தேடுவது அந்தப் பகுதியைத்தான்: உரிமையாளர் தனியாக என்னென்ன செய்ய முடியும்?

சரி, எக்ஸ்ப்ளோரருக்கு வருவோம். இங்கே நான் தேடுவது ஒன்றே ஒன்று: போட்ட பணத்தை வெளியே எடுக்க வழி இருக்கிறதா, அந்த வழியின் சாவி யார் கையில் இருக்கிறது? விலை ஏறுமா, தொழில்நுட்பம் நல்லதா என்பதெல்லாம் அப்புறம்.

முதலில், காயின் உண்மையில் பிளாக்செயினில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்காயினுக்குப் பொதுவில் யாரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் இருந்ததே இல்லை. நிறுவனத்தின் சொந்தக் கணினியில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அதிலேயே 400 கோடி டாலருக்கு மேல் போனது என்கிறது அமெரிக்க அரசுத் தரப்பு. கான்ட்ராக்ட், அதாவது செயினில் காயினை இயக்கும் நிரல், அதன் முகவரியைக் கேட்டதும் "அது விரைவில் வரும்" என்று பதில் வந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

முகவரி கிடைத்தால் கான்ட்ராக்ட் பகுதியைத் திறக்கலாம். மூல நிரல் வெளியிடப்படாமல் இருந்தால் அங்கேயே மூடிவிடுவேன். வெளியிடப்பட்டிருந்தால் புரோகிராமிங் தெரியாதவர்கள்கூட உள்ளே இருக்கும் கட்டளைகளின் பெயர்களை வாசிக்க முடியும். மின்ட் (mint) என்று இருந்தால் புதுக் காயினை நினைத்தபோது அச்சடிக்கலாம். பிளாக்லிஸ்ட் (blacklist) என்று இருந்தால் உங்கள் வாலட்டை விற்கவிடாமல் தடுக்கலாம். பாஸ் (pause) என்று இருந்தால் எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்தலாம். விற்பனைக் கட்டணத்தை மாற்றும் கட்டளை இருந்தால் அதை இன்று 5 சதவீதமாகவும் நாளை 99 சதவீதமாகவும் வைக்கலாம். இவற்றை இயக்கும் உரிமையாளர் முகவரி எது என்பதும் அங்கேயே தெரியும். வெறும் சுழியங்களால் ஆன முகவரியாக இருந்தால் உரிமை கைவிடப்பட்டிருக்கிறது என்று பொருள். கான்ட்ராக்ட் பிராக்ஸி வகையாக இருந்தால் மட்டும் கவனம் தேவை. இன்று நீங்கள் படித்த நிரலுக்குப் பதில் நாளை வேறொன்றை வைத்துவிடலாம்.

வாங்கவிட்டு விற்கவிடாத மோசடிக்கு ஹனிபாட் என்று பெயர். எலிப்பொறி மாதிரி, உள்ளே போகத்தான் வாசல். 2021-ல் ஒரு பிரபலமான கொரியத் தொடரின் பெயரில் வந்த ஸ்க்விட் காயின் இதற்குச் சரியான உதாரணம். சில நாட்களில் ஒரு சென்ட்டிலிருந்து 2,861 டாலர் வரை ஏறியது. நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் சுழியத்தைத் தொட்டது, நடத்தியவர்கள் சுமார் 33 லட்சம் டாலருடன் மறைந்தார்கள். விற்க முடியவில்லை என்ற புகார்கள் சரிவுக்கு முன்பே வந்துவிட்டன. இறங்காமல் ஏறிக்கொண்டே போன அந்த வரைபடத்தைத்தான் பலர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள்! ஆகவே பரிவர்த்தனைப் பட்டியலில் நான் வாங்கியவர்களை எண்ணுவதில்லை. வெவ்வேறு வாலட்டுகள் விற்றிருக்கின்றனவா, விற்றவர்களுக்கு அந்தச் செயினின் முதன்மைக் காயினான ஈதரோ பிஎன்பியோ கைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். விற்றவை இரண்டு மூன்று வாலட்டுகள் மட்டும் என்றால், அவை நடத்துபவர்களுடையவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது லிக்விடிட்டி பூல். யூனிஸ்வாப், பேன்கேக்ஸ்வாப் போன்ற பரிமாற்றத் தளங்களில் நீங்கள் விற்கும்போது உங்களுக்குப் பணம் தருவது எதிரில் நிற்கும் ஒரு மனிதர் அல்ல. அந்தப் பூலில் போட்டு வைத்திருக்கும் ஈதரோ பிஎன்பியோதான். பூலில் பணம் போட்டதற்கு ரசீது மாதிரிக் கிடைக்கும் எல்பி டோக்கன்கள் நடத்துபவரின் வாலட்டில் இருந்தால் அவர் மொத்தத்தையும் ஒரே பரிவர்த்தனையில் எடுத்துக்கொண்டு போகலாம். ரக் புல் என்பது இதுதான். எல்பி டோக்கன்கள் பூட்டு கான்ட்ராக்டில் இருக்கின்றனவா, எவ்வளவு சதவீதம், எந்தத் தேதி வரை என்று மூன்றையும் பார்க்க வேண்டும். "லிக்விடிட்டி லாக்டு" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் இருக்கும். திறந்து பார்த்தால் பாதிக்குத்தான் பூட்டு, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும் என்று இருக்கும்.

யாரிடம் எவ்வளவு காயின் இருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. முதலிடத்தில் பெரிய சதவீதத்துடன் இருப்பது பூலாகவோ பரிமாற்றத் தளமாகவோ இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த இடங்களில் இருக்கும் வாலட்டுகளுக்கு முதன்முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். நூறு வாலட்டுக்கும் பரிமாற்றத் தளமல்லாத ஒரே வாலட்டிலிருந்து பணம் போயிருந்தால் நூறு பேர் இல்லை, பெரும்பாலும் ஒருவர்தான்.

வாங்கி விற்பதைப் போலியாக ஓட்டிக் காட்டும் இலவசக் கருவிகளும் இருக்கின்றன. அவசரத்துக்கு நல்லவை. ஆனால் அவை சொல்வது இந்த நிமிட நிலையை மட்டும். அதிகாரம் உரிமையாளரிடம் இருந்தால் அடுத்த நிமிடமே மாற்றலாம். நேரடியாகச் சோதிக்க நினைப்பவர்கள் சிறு தொகை மட்டும் வைத்த புது வாலட்டை இணையுங்கள், சேமிப்பு உள்ள வாலட்டை அல்ல. அனுமதி கேட்டு வாலட்டையே துடைத்துவிடும் தளங்கள் ஏராளம். இவையெல்லாம் எதீரியம், பிஎன்பி செயின் பக்கத்துக்குப் பொருந்தும். சோலானா என்ற இன்னொரு பிளாக்செயினில் நான் அதிகம் புழங்கியதில்லை. அங்கே மின்ட் அத்தாரிட்டியும் (புதிதாக அச்சடிக்கும் அதிகாரம்) ஃப்ரீஸ் அத்தாரிட்டியும் (காயினை முடக்கும் அதிகாரம்) விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எக்ஸ்ப்ளோரர் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு: காயின் நிஜம், திட்டம் பொய். பிட்கனெக்ட் என்ற மோசடித் திட்டத்துக்குச் சொந்தக் காயின் இருந்தது, வாங்கவும் விற்கவும் முடிந்தது. மாதம் 40 சதவீதம் வரை வருமானம் என்ற கடன் திட்டம்தான் மோசடி. நாளுக்கு 1 சதவீதம் கூட்டுவட்டியில் ஏறினால் 1 லட்சம் ரூபாய் ஓராண்டில் 37 லட்சத்தைத் தாண்டும். இதற்கு எந்த எக்ஸ்ப்ளோரரும் வேண்டாம், கால்குலேட்டர் போதும். இங்கேயும் நான் கேட்கும் கேள்வி பழையதுதான், வெளியே வரும்போது எதில் தருவார்கள்? 2018 ஜனவரி 16-ல் கடன் திட்டத்தை மூடியபோது பாக்கியை டாலராகத் தரவில்லை. தங்கள் காயினையே சுமார் 363 டாலர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், அதன் சந்தை விலை அதற்குள் பாதாளத்துக்குப் போயிருந்தது. மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் பிட்காயினாகத் தருவதாகச் சொன்ன கெயின்பிட்காயின் திட்டமும் பின்னாளில் எம்கேப் என்ற தன் சொந்தச் சரக்கைக் கையில் திணித்தது. சிறு தொகையை எடுத்துப் பார்த்தேன், வந்தது என்பதும் இத்தகைய திட்டங்களில் சான்றாகாது. ஆரம்பத்தில் தருவதுதான் அவர்களுடைய முதலீடே. செயலிவழி மோசடிகளில் பெரிய தொகையை எடுக்கப் போகும்போது "முதலில் வரியைக் கட்டுங்கள்" என்பார்கள். எடுக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளாமல் வெளியிலிருந்து கட்டச் சொன்னால் அது மோசடிதான்.

கடைசியாக அரசுப் பட்டியல்கள். பெயர் இருந்தால் விலகுங்கள், சந்தேகமே வேண்டாம். இல்லாவிட்டால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. 2016-ல் தொடங்கிய பிட்கனெக்டுக்கு டெக்சாஸ் மாநில ஆணையத்தின் தடை உத்தரவு 2018 ஜனவரியில்தான் வந்தது. இலங்கையில் ஆன்மேக்ஸ் டிடி, ஸ்போர்ட் செயின் ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிடுத் திட்டங்களாக மத்திய வங்கி அறிவித்தது 2023-ல், பலர் பணம் போட்டபின். இந்தியாவில் எஃப்ஐயு (நிதி உளவுப் பிரிவு) பதிவு என்று சிலர் காட்டுவார்கள். அது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் பரிமாற்றத் தளங்களுக்கான பதிவு. அங்கே விற்கும் காயினுக்கு அரசு தரும் நற்சான்று அல்ல.

இந்திய வாசகர்களுக்கு வரி பற்றி ஒன்று. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஏமாற்றுக் காயினில் 50,000 ரூபாய் போய், அதே ஆண்டில் பிட்காயினில் 50,000 லாபம் வந்தாலும், அந்த லாபத்துக்கு முழுதாக 15,000 கட்ட வேண்டும், செஸ் தனி.