ஒழுகும் மொட்டை மாடி: பெயிண்டா, தட்டோடா?

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈர வட்டம் படர்ந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், தேறியவை இரண்டு.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் சுலபம். தளத்தைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, விரிசல்களை அடைத்து இரண்டு மூன்று கோட் அடித்தால் சரி. ஈரத்தின் மேல் அடித்தால் மட்டும் கொப்பளித்து உரிந்துவிடும். சில வருடங்களில் மறுபடி அடிக்கவும் வேண்டும்.

சுர்க்கி என்கிற சுண்ணாம்புத் தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது பெரிய வேலை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் 3 அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பதியாமல் துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியது என்று கணக்கு. செலவு அதிகம், பாரமும் கூடும், பக்குவம் தெரிந்த கொத்தனார் கிடைப்பதே கஷ்டம். ஆனால் தண்ணீர் குழாய்ப் பக்கம் வடிவதற்கான சரிவை, அதாவது வாட்டத்தையும் சரிசெய்துவிடலாம். கோடையில் வீட்டுக்குள் சூடும் குறையும்.

மயிரிழை விரிசல் என்றால் பெயிண்டே போதும். எங்கள் மாடியில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். குழாய்ப் பக்கம் போகாமல் நடுவில் குளமாக நின்றது. அப்புறம் என்ன, தட்டோடுதான்.