மூன்று கணினி, இரண்டு பிரிண்டர்: நான்கு ஆண்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் தட்டச்சுப் பணியில் இருக்கிறேன். மூன்று கணினிகளில் ஐந்து பேர் மாறி மாறி உட்காருவோம். லேசர் பிரிண்டரில் லீகல் அளவுப் பச்சைத் தாள், இங்க் டேங்க் பிரிண்டரில் வெள்ளை ஏ4.

ஒரு நாள் முத்திரைத்தாளை லேசர் தட்டில் வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்புவதற்குள், பக்கத்துக் கணினியிலிருந்து யாருடைய ஆதார் நகலோ அதன்மேல் அச்சாகி வந்தது. கிரயம் எழுத வந்த பெரியவர், "பரவாயில்லை அம்மா, வேறு வாங்கி வருகிறேன்" என்று வெயிலில் இறங்கிப் போனார். அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

காரணத்தைத் தேடினேன். டிஃபால்ட் பிரிண்டரை, அதாவது நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக அச்சு போகும் பிரிண்டரை, விண்டோஸே நிர்வகிக்கும் வசதி 2015 நவம்பரில் விண்டோஸ் 10-க்கு வந்தது. அது இயங்கினால், கடைசியாக எதில் அச்சிட்டோமோ அதுவே டிஃபால்ட் ஆகிவிடும். காலையில் பத்திரத்தை லேசரில் எடுத்தவருக்கு, மதியம் ஆதாரும் அங்கேயே போயிருக்கிறது.

செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பக்கத்தில் அதை அணைத்தேன். மறுவாரமே அதே கணினியில் அதே தவறு! டிஃபால்ட் பிரிண்டர் கணினிக்கு உரியதன்று, ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி என்பது அப்போதுதான் புரிந்தது. அட்மின் (கணினி நிர்வாகி) கணக்கில் மாற்றினாலும் மற்றவர்களுக்கு மாறாது. ஐந்து பேர், மூன்று கணினி. பதினைந்து முறை உட்கார்ந்து அணைத்தேன். அந்த ஒரு மாலை வேலை எங்களுக்கு இத்தனை ஆண்டு நிம்மதியைத் தந்திருக்கிறது.

தாள் அளவு மட்டும் வேறு கதை. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதியில் உள்ள 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' எல்லாருக்கும் பொது. அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். அங்கே லீகல் வைத்தேன். ஏற்கெனவே தன் விருப்பத்துக்கு மாற்றி வைத்திருந்தவர்களுடையதை மட்டும் தனியே திருத்த வேண்டியிருந்தது.

இன்னொன்று: யு.எஸ்.பி. வயரைக் கழற்றி வேறு துளையில் செருகினால், அதே பிரிண்டர் 'காப்பி 1' என்று புதிதாக முளைக்கக்கூடும். டிஃபால்ட்டாக இருந்த பழையது ஆஃப்லைனில் கிடக்கும். பெருக்கித் துடைக்கும் நாட்களில் எங்களுக்கு இப்படி நடந்தது. சரியான துளைக்கு அருகில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். பிறகு வயர் இடம் மாறவில்லை.

போன மாதம் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தான். புதுக் கணக்கில் அந்த வசதி இயங்கும் நிலையிலேயே இருந்தது. அவன் முதல் தாளை எடுக்கும் முன்பே அணைத்துவிட்டேன்.