ஃபிரெட்ரிக்ஸ்பர்க்: ஒரு நாள் போதாது

ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் டெக்சாஸ் சிற்றூர், 1846-இல் ஜெர்மன் குடியேறிகள் அமைத்தது. எல்லோரும் படம் எடுக்கும் எண்கோண ஃபெரைன்ஸ் கிர்ஷே (குடியேறிகளின் பழைய பொதுச் சர்ச்) 1930-களில் திரும்பக் கட்டிய நகல்தான், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது பயனியர் மியூசியத்தில் உள்ள ஞாயிற்றுக்கிழமை வீடு. தூரத்துப் பண்ணைக்காரர்கள் சனிக்கிழமை சந்தைக்கு வந்து, இரவு தங்கி, மறுநாள் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்காகவே ஊருக்குள் கட்டிக்கொண்ட குட்டி வீடு. கீழே ஒரே அறை, மேலே பரண், இத்தகைய வீடுகள் பலவற்றில் பரணுக்கு ஏறும் படிக்கட்டே வெளிச்சுவரில்தான் இருக்குமாம், உள்ளே இடத்தை அடைக்கக்கூடாது பாருங்கள்!

அப்புறம் பசிபிக் போர் அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படையை வழிநடத்திய அட்மிரல் நிமிட்ஸ் பிறந்த ஊர் இது. அரை நாள் ஒதுக்குங்கள், நாங்கள் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுக் கடைசியில் ஓட வேண்டியதாயிற்று.

சாப்பாடு சுமார். மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நாற்பது நிமிடம் காத்திருந்து வந்த ஷ்னிட்ஸல் (ரொட்டித்தூள் தடவிப் பொரித்த இறைச்சி) ஆறிப்போயிருந்தது. சைவம் என்றால் உருளைக்கிழங்கு சாலட்தான் கதி. வார இறுதியில் பார்க்கிங் கிடைக்காது, வார நாளாகப் பார்த்துப் போங்கள்.