'சேவ் ஃபேஸ்' எங்கே, 'ரிடீம் யுவர்செல்ஃப்' எங்கே?
மானம், மரியாதை என்று வந்தால் ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

'சேவ் ஃபேஸ்' என்பது கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. வேலையை விட்டுத் தூக்கப்போகிறவரை, 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிக் கொடுத்துப் போகவிடுகிறார்களே, அதுதான்.

'ரிடீம் யுவர்செல்ஃப்' கொஞ்சம் கனமானது. மரியாதை ஏற்கெனவே போயிருக்க வேண்டும். செய்து காட்டித்தான் மீட்க வேண்டும். ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்த ஸ்டீவ் ஸ்மித்தையே பாருங்கள். 2018 மார்ச்சில் கேப் டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரம். கேப்டன் பதவி போனது, ஓராண்டுத் தடை வேறு. 2019 ஆஷஸ் டெஸ்ட் தொடருக்கு இங்கிலாந்து போனபோது கூட்டம் கேலிக் கூச்சலிட்டு வரவேற்றது. எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் 144, 142 அடித்தார். தொடர் முழுக்க 774 ரன். அவர் அழுது கேட்ட மன்னிப்புக்கு 'ரிடீம்' என்ற சொல்லைப் போட எனக்கு மனம் வராது, இந்த ரன்களுக்குப் போடலாம். ரன் அடித்தால் நேர்மை திரும்பிவிடுமா என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

அப்புறம், யார் பார்வையில் மீட்டார் என்று சொல்ல 'இன் தி ஐஸ் ஆஃப்' சேர்த்துக்கொள்ளலாம். 'யுவர்செல்ஃப்', 'ஹிம்செல்ஃப்' போன்றவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், கூப்பனை ரிடீம் செய்த மாதிரி ஆகிவிடும்.