கியூபெக் வம்சமா, அக்காடிய வம்சமா: எதற்குப் பணம் கட்டலாம்?

மாசசூசெட்ஸில் 'கிங்' என்ற பெயரோடு இருக்கும் ஒரு குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் 'ருவா'வாக (பிரெஞ்சில் 'அரசன்') இருந்திருக்கலாம். 'ஒயிட்' குடும்பம் ஒரு காலத்தில் 'லெப்லாங்' ('வெள்ளை'). 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் வம்சம் தேட ஆரம்பித்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தளத்தில் சந்தா கட்டுவது என்பதுதான். அதற்கு முன் தெரிய வேண்டியது வேறு: உங்கள் ஆட்கள் கியூபெக்கா, அக்காடியாவா (இன்றைய நோவா ஸ்கோஷியா பகுதியில் இருந்த பழைய பிரெஞ்சுக் குடியேற்றம்)? இரண்டு பக்கமும் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்தான். ஆனால் ஒரு பக்கம் பதிவேடுகள் தப்பின, மறுபக்கம் பெரும்பாலானவை போய்விட்டன.

கியூபெக்கின் பங்கு (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) ஆலயப் பதிவேடுகள் 1621இல் தொடங்குகின்றன. ஒரு திருமணப் பதிவைப் பாருங்கள். மணமகன், அவன் தகப்பன், தாய், எந்தப் பங்கு, மணமகளுக்கும் அதேபோல். தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். பிறகு சாட்சிகள், கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னார்கள் என்ற குறிப்பு, சாமியாரின் ஒப்பம். அங்கிருந்து பெற்றோரின் கல்யாணத்தைத் தேடினால் அடுத்த தலைமுறை. பெண்கள் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டதால் தாய்வழியும் அறுந்துபோவதில்லை. சிக்கல் மறுமணத்தில்தான்: பெற்றோர் பெயருக்குப் பதில், இறந்துபோன துணையின் பெயர் மட்டுமே இருக்கும். அப்போது முதல் கல்யாணத்தைத் தேடிப் போக வேண்டும்.

இந்தப் பதிவேடுகளைத் தேட ஒன்றோடொன்று போட்டியிடும் வழிகள் மூன்று. முதலாவது பிஆர்டிஎச் என்ற தரவுத்தளம். 1966இல் மோன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வாளர்கள் தொடங்கியது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஆள்வாரியாகக் கோத்து, குடும்பம் குடும்பமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பம் இரண்டு பெயரில் திரியும் தொல்லை (ருவா என்றும் தேஜார்தான் என்றும்) இங்கே பெருமளவு தீர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. 1800க்கு முந்தைய வேலைக்கு இதற்கு இணை இல்லை என்பேன். கட்டணம் நேரத்துக்கு அல்ல, எத்தனை பக்கம் திறக்கிறீர்கள் என்பதற்கு. கண்டதையெல்லாம் கிளிக் செய்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

இரண்டாவது ட்ரூவான் நிறுவனத்தின் ஜீனியாலஜி கியூபெக் தளம். 1899இல் தொடங்கிய நிறுவனம். 1940களில் மாகாணத்தின் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தது. இங்கே கட்டணம் பக்கத்துக்கு அல்ல, சந்தா காலத்துக்கு. லாஃப்ரான்ஸ் என்ற அதன் அட்டவணையில் திருமணங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வருகின்றன. பதிவின் படமும் கூடவே திறக்கும். அமெரிக்கா போன தலைமுறையிலிருந்து பின்னோக்கி வருபவர் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாவது ஃபேமிலிசர்ச் என்ற தளம், முற்றிலும் இலவசம். பொறுமைதான் விலை: பல பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆனால் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. ஒவ்வொரு பதிவேடும் இரண்டு படிகளாக, அதாவது பிரதிகளாக, எழுதப்பட்டு, ஒன்று ஆலயத்திலும் மற்றது அரசிடமும் போய்ச் சேர்ந்தது. ட்ரூவான் படமெடுத்தது பெரும்பாலும் அரசுப் படி. ஃபேமிலிசர்ச்சில் இருப்பது பெரும்பாலும் ஆலயப் படி. ஒன்றில் மை பரவியிருந்தாலோ ஒரு பெயர் விடுபட்டிருந்தாலோ மற்றதில் கிடைத்துவிடும். தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை வெளியிட்ட ஏழு தொகுதி அகராதியும் இலவசம்தான். குறிப்புக்குப் பார்க்கலாம், ஆதாரமாகக் காட்ட வேண்டாம், பிழைகள் நிறைய.

அக்காடியாவுக்கு வந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 1755இல் ஆங்கிலேயர் மக்களைக் கப்பலேற்றி நாடு கடத்தியபோது ஊர்களோடு காகிதங்களும் அழிந்தன. அக்காடிய ஊர்களில் போர்-ரொயாலின் 1702–1755 பதிவேடு நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. கிராண்ட்-ப்ரேயின் பதிவேட்டை நாடு கடத்தப்பட்டவர்களே சுமந்துபோனார்கள்; மிஞ்சிய பகுதி இன்று லூசியானாவில், பேட்டன் ரூஜ் மறைமாவட்டத்திடம். கியூபெக் தரவுத்தளங்களில் அக்காடியர் தென்படுவது பெரும்பாலும் அவர்கள் அகதிகளாக அங்கே வந்து சேர்ந்த பிறகுதான்.

ஆகவே இங்கே போட்டி இணையதளங்களுக்கு இடையில் அல்ல, இரண்டு நூல்களுக்கு இடையில். பொனா ஆர்செனோவின் அக்காடிய வம்சத் தொகுப்பு பரவலாகக் கிடைக்கும், படிக்கவும் சுலபம், அதனாலேயே அதன் தவறுகள் ஆயிரக்கணக்கான குடும்ப மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டீபன் வைட்டின் 1999ஆம் ஆண்டு அகராதி 1714 வரைதான் போகிறது. ஆனாலும் தயங்காமல் அதையே சொல்வேன், ஏனென்றால் ஒவ்வொரு உறவுக்கும் எங்கிருந்து எடுத்தார் என்று காட்டுகிறார். 1671 முதலான மக்கள்தொகைக் கணக்குகள், பிரான்சின் பெல்-ஈல் தீவில் குடியேறிய அக்காடியர் தங்கள் முன்னோர் பற்றி 1767இல் கொடுத்த வாக்குமூலங்கள், இவற்றோடு உறவுக்குள் திருமணம் செய்யத் திருச்சபை கொடுத்த சிறப்பு அனுமதிகளும் அவருக்கு ஆதாரம். அப்படிக் கல்யாணம் என்றால் சாமியார் எந்தப் படி (எத்தனை தலைமுறை தள்ளிய) உறவு என்று எழுத வேண்டும். 'மூன்றாம் படி' என்றால் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி ஒருவரே. பதிவேடு தொலைந்த இடத்தில் பெற்றோர் யார் என்பதை இப்படித்தான் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

கடைசியாக டிஎன்ஏ. அக்காடியர் சில நூறு பேரிலிருந்து பெருகியவர்கள். எல்லோரும் எல்லோருக்கும் பல வழியில் சொந்தம். எனவே ஆன்செஸ்ட்ரி போன்ற தளங்கள் நெருங்கிய சொந்தம் என்று காட்டுபவர் உண்மையில் பல தலைமுறை தள்ளி இருப்பார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் டிஎன்ஏவைப் பார்க்கும் தாய்வழிச் சோதனையின் கதை வேறு. ராடெகோண்ட் லம்பேர் என்ற 17ஆம் நூற்றாண்டு மூதாய் மிக்மாக் பழங்குடிப் பெண் என்று நெடுநாளாகப் பேச்சு இருந்தது. அவருடைய தாய்வழி வாரிசுகளின் முடிவு ஐரோப்பிய வம்சத்தைக் காட்டியது. குறிப்பிட்ட ஒரு பெண்ணைப் பற்றி இப்படியொரு கேள்வி இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு மாதச் சந்தா கட்டலாம்.